சவானாவில் ஒரு சாவு

எஸ்டிலிடம் சொன்ன பொய் அதுதான்.
வெர்லினுக்கு அவன் மச்சான்;
காஃப்னி ஊரின் ஒரே டாக்ஸி அவனுடையது.
அடக்கம் முடிந்து திங்கள் விடியலுக்குள் வந்துவிடுவோம் என்றதும்
சாவியோடு ஐந்து டாலரும் கொடுத்தான்,
மலர்வளையத்துக்கு.

ஐந்து டாலருக்கும் பெட்ரோல் போட்டோம்.

வெள்ளி இரவு, நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து
தலைமுடியில் பஞ்சோடு ஏறினோம்.
பின்சீட்டில் பயணிகளாக நான்கு டயர்கள், ஒரு ஜாக்கி,
வெர்லின் மனைவி ஓபல் கட்டித்தந்த
வேகவைத்த முட்டை பதினொன்று.
பன்னிரண்டாவது வாசலிலேயே தீர்ந்திருந்தது.
மீட்டரைக் கழற்றி டாஷ்போர்டு அறைக்குள் வைத்தேன்;
பள்ளத்துக்குப் பள்ளம்
உள்ளிருந்து அது எதையோ எண்ணிக்கொண்டே வந்தது.

சவானாவைக் கடந்தபோது மணி நான்கு.
வெர்லின் தொப்பியைக் கழற்றினான்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் சாலையெல்லாம் எங்கள் சாதி:
விர்ஜீனியா நம்பர், டென்னசி நம்பர்,
கயிறு கட்டி இழுபட்டு வரும் ஒரு ஃபோர்டு,
அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கும் ஒருவன்.
கள்ளச்சாராயம் கடத்திப் பழகிய கைகளாம் பலருக்கு.
வெர்லின் பழகியது வேறு:
ஒரு பிரசவ வலியைப்
பதினாறு நிமிடத்தில் ஸ்பார்டன்பர்க் ஆஸ்பத்திரி சேர்த்த
அந்த ஒரு ராத்திரி.

பிறகு கடல்.
நான் அதுவரை பார்த்ததில்லை.
பார்த்தும் முதலில் மணலைத்தான் குனிந்து தட்டிப் பார்த்தேன்:
சிமெண்டுத் தரை.
இரண்டு மைல் அது, இரண்டு மைல் தார்,
இரண்டு முனையிலும்
உழுதுபோட்ட வயலாக ஒரு திருப்பம்.
கொடி பிடித்தவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை,
தண்ணீரைப் பார்த்தார்.
ஓதம் ஏறுமுன் முடித்தாக வேண்டும்.

கதவில் 'டாக்ஸி' என்று மஞ்சள் எழுத்து.
அதன்மேல் மளிகைக் காகிதம் ஒட்டி
வெள்ளை ஷூ பாலிஷில் 61 எழுதினேன்.
மூன்றாம் சுற்றிலேயே உப்புத்தண்ணீர் காகிதத்தை உரித்துவிட்டது.
மணல்மேட்டுக் கூட்டம் கை நீட்டிக் கத்தியது:
டாக்ஸி! டாக்ஸி!
எட்டாயிரம் பேர் கைகாட்டியும்
நிறுத்தாமல் போனான் வெர்லின்.
மணல் தேய்த்துத் தேய்த்து முன்கண்ணாடி மோர் நிறமாக,
தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி,
இமையெல்லாம் உப்பு.

தெற்குத் திருப்பத்துக்குக் கீழே
அச்சு முறிந்து நின்றது ஒரு ஓல்ட்ஸ்மொபைல்.
இழுக்க ஆளில்லை. அலை வந்தது.
சக்கரம், கதவு, பானெட்.
கூரைமேல் உட்கார்ந்து
ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான் அதன் சொந்தக்காரன்,
நிதானமாக, இரவு படுக்கப்போகிறவனைப் போல.

பந்தயத்தைக் கடல் முடித்துவைத்தது.
எங்களுக்கு முப்பத்து நான்காவது இடம்,
பரிசு: இல்லை.
வாகன நிறுத்துமிடத்தில் ஈரக் காலோடு வந்து
டாக்ஸியா என்று கேட்டான் அந்த ஆள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டான் வெர்லின்.
பெயர் கிளெடஸ் மாபே, டென்னசி.
டயர்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தான்.
முட்டை கொடுத்தோம், உரித்தான், தின்னவில்லை.
ஜார்ஜியா எல்லை வரை பேச்சே இல்லை.
சவானா விளக்குகள் தெரிந்தபோது
பதினேழு தவணை பாக்கி என்றான்,
அப்புறம் அழுதான்,
வாயைத் தொப்பியால் பொத்திக்கொண்டு.

வெர்லின் வேகத்தைக் குறைத்தான்.
அந்த ஊரை
சவ ஊர்வலம் போகும் வேகத்தில் கடந்தோம்.

திங்கள் காலை எஸ்டில் வண்டியைச் சுற்றி வந்தான்.
கண்ணாடியை விரல் நகத்தால் சுரண்டினான்.
பின்சீட்டுக்கு அடியில் கை விட்டு
ஒரு பிடி மணல் எடுத்தான்.
கடற்கரையிலா புதைத்தீர்கள்?

ஆமாம் என்றேன் நான்.
அது மட்டும் பொய்யில்லை.

மணலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே
கொஞ்சநேரம் நின்றான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
அக்கா காதில் விழாதபடி,
வெர்லினைக் கேட்டான்:
எத்தனையாவதா வந்தே?